பத்தாம் எண் அறை: வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் 'தி லாஸ்ட் ரூம்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். 2006 டிசம்பர் 11, 12, 13 என்று மூன்றே இரவுகள் ஓடிய குறுந்தொடர் அது. நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. யார் கெட்டவன், யார் செத்தான் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. "அந்தச் சாவி இப்படிச் செய்யுமென்றால் அப்படி ஏன் செய்யவில்லை?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கேள்விகளோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பியவன். ஆகவே இந்த இதழில் வேறு எதுவும் இல்லை, இது மட்டும்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் நகரம். அங்கே சன்ஷைன் மோட்டல். 1961 மே 4, பகல் 1 மணி 20 நிமிடம் 44 நொடிக்கு அதன் பத்தாம் எண் அறை உலகத்திலிருந்தே காணாமல் போகிறது. அப்படி ஓர் அறை இருந்தது என்ற நினைவுகூட யாருக்கும் இல்லை. ஆனால் அறைக்குள் இருந்த சாமான்கள், ஏறத்தாழ நூறு, வெளியே சிதறிக் கிடக்கின்றன. சாவி, சீப்பு, கடிகாரம், பென்சில், குடை என்று எல்லாம் சாதாரணச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசித்திர சக்தி. பிட்ஸ்பர்க் நகரப் போலீஸில் துப்பறியும் அதிகாரியான ஜோ மில்லர் கையில் சாவி சிக்குகிறது. அதனாலேயே அவருடைய சின்ன மகள் அன்னா அந்த அறைக்குள் போய்த் தொலைந்துவிடுகிறாள். மீதிக் கதை, மகளைத் தேடும் தகப்பன்.

முடிவைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தச் சாவி எந்தக் கதவையும் திறக்கும் என்கிறார்கள். ஆனால் சில கதவுகள் முன்னால் ஜோ திகைத்து நிற்கிறார். எழுதியவர்கள் தங்கள் வசதிக்கு விதியை மாற்றுகிறார்களா?

இல்லை. விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சாவிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கதவு கீலில் ஆடுகிற கதவாக இருக்க வேண்டும். பூட்டு 'பின் டம்ளர்' வகையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும் கதவு, எண் பொத்தான் பூட்டு, அட்டையைத் தேய்த்துத் திறக்கும் பூட்டு எதுவும் செல்லாது.

ஏன் இந்த ஒரு வகைப் பூட்டு மட்டும் என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. ஒருநாள் வேலை செய்யாத ஒரு பழைய பூட்டை மேசையில் வைத்துப் பிரித்தேன். நடுவே ஓர் உருளை. அதன் குறுக்கே வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டாக ஒரு சின்னப் பின், அதன் தலையில் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது பின்கள் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே குறுக்கிட்டு நின்று உருளையைத் திரும்ப விடாது. சரியான சாவியின் பல் உள்ளே போனால் ஐந்து பின்களின் பிளவுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த ஒரு கோடு கிடைத்தால் உருளை சுழலும். ஒரு பின் அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் கதவு திறக்காது.

இந்தப் பூட்டின் மூதாதை பழைய எகிப்தில் மரத்தால் செய்யப்பட்டது. இன்று நம் கையிலுள்ள உருளை வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர். ஆண்டு 1861. அறை மறைந்ததோ 1961. சரியாக நூறு ஆண்டுகள். தொடரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எழுதியவர்கள் யோசித்து வைத்ததாகவும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதியபோது கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

என் புரிதல் இதுதான்: சாவி பூட்டை உடைப்பதில்லை. தன் இனத்தைச் சேர்ந்த எந்தப் பூட்டையும் அது தன் பத்தாம் எண் கதவாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எந்த ஊரில், எந்தக் கதவில் நுழைத்தாலும் திறப்பது அதே அறை. வெளியே வரும்போது எந்தக் கதவை மனத்தில் நினைக்கிறோமோ அங்கே போய்ச் சேரலாம். மனம் அலைபாய்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. தகப்பனுக்கு மனம் ஒருநிலையில் நிற்பது எத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள். விதியே அவர் நிலைமைக்கு எதிராக நிற்கிறது.

கேள்வி: சாவி ஜோவிடமே இருக்கிறது. அறையைத் திறந்து மகளைக் கூட்டி வர வேண்டியதுதானே? எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் சண்டை.

சண்டை போட வேண்டிய இடம்தான் இது. தொடரின் நடுத்தூணே இங்கேதான் நிற்கிறது.

சாவி வெளியே இருக்க, அறைக் கதவு மூடினால் அறை 'ரீசெட்' ஆகிறது. அதாவது, அந்த அறைக்குச் சொந்தமில்லாத எதுவும் உள்ளே இருக்காது. நீங்கள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுபடி திறக்கும்போது நாற்காலி இல்லை. அன்னாவும் அப்படித்தான். ஜோ திரும்பத் திரும்பத் திறக்கிறார். படுக்கை விரித்தபடி இருக்கிறது. குழந்தை இல்லை.

நான் முதல் முறை பார்த்தபோது ரீசெட் ஒரு விதி, பொருள்கள் உடையாதது இன்னொரு விதி, அவற்றின் சக்தி மூன்றாவது விதி என்று தனித்தனியாக எழுதிக்கொண்டே போனேன். இரண்டாம் முறை பார்த்த பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: '1 மணி 20 நிமிடம் 44 நொடிக்கு அறையில் எது இருந்ததோ, அது மட்டும்தான் அறைக்குத் தெரியும்.' மற்ற விதிகளெல்லாம் இதன் கிளைகள். அறைக்கு அன்னாவைத் தெரியாது. அவள் மேல் அதற்குக் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. அவள் அதன் கணக்கிலேயே வரவில்லை. எனக்கு அந்தத் தொடரிலேயே அதிகம் வலித்த விஷயம் இதுதான். வில்லன் ஒருவன் குழந்தையைப் பிடித்து வைத்திருந்தால் அவனோடு பேசலாம், அவனை அடிக்கலாம், காலில் விழலாம். ஒரு விதியிடம் எதைச் செய்ய முடியும்? அந்த விதியை அதைவிடக் கூர்மையாகப் படிக்கத்தான் முடியும். ஜோ போலீஸ்காரர் என்பது அங்கேதான் உதவுகிறது. தடயத்தைப் படிப்பது போல விதியைப் படிக்கிறார்.

கேள்வி: கைக்கடிகாரம் முட்டையை அவிக்கிறது! இவ்வளவு பெரிய மர்மத்தில் இப்படி ஒரு சக்தி எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த பொருளே அதுதான். கடிகாரப் பட்டையின் வளையத்துக்குள் முட்டையை வைத்தால் வெந்துவிடும். அவ்வளவுதான். அதே அறையிலிருந்து வந்த சீப்பு சில நொடிகளுக்குக் காலத்தையே நிறுத்துகிறது. செயற்கைக் கண் உடம்பை அழிக்கும், புண்ணையும் ஆற்றும். பேனா மனித உடலைச் சுட்டுப் பொசுக்கும். குடை பிடித்தவரைப் பார்க்கிறவர்களுக்கு, ஏற்கெனவே தெரிந்தவர் என்ற எண்ணம் வரும். நகம் தேய்க்கும் அரம் ஆளைத் தூங்க வைக்கும்.

சக்திக்கும் பொருளுக்கும் சம்பந்தம் தேடிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாசகி, கண் பார்ப்பதால் ஆற்றுகிறது, பேனா எழுதுவதால் எரிக்கிறது என்று இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறார். உழைப்பை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சம்பந்தம் இல்லை என்பதுதான் உண்மை என்று நினைக்கிறேன். நம் கதைகளில் மந்திர வாள் வெட்டும், மந்திரப் பாதுகை பறக்கும். பொருள் என்ன செய்யுமோ அதையே பெரிதாகச் செய்யும். அங்கே யாரோ ஒருவர், ஒரு முனிவரோ தேவதையோ, பொருளுக்கு வரம் கொடுத்திருப்பார். இங்கே கொடுத்தவர் இல்லை. ஒரு விபத்து நடந்திருக்கிறது. விபத்தில் சிதறிய கண்ணாடித் துண்டு எந்த வடிவத்தில் உடைய வேண்டும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. முட்டை அவிக்கும் கடிகாரம் இல்லாவிட்டால், யாரோ திட்டம் போட்டு ஆயுதங்களைப் பரிமாறினார்கள் என்று நாம் நம்பியிருப்போம். அந்த ஒரு கடிகாரம்தான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைக்கிறது.

பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு சக்தி பிறக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். உபயோகமற்றது என்று யாரும் எதையும் தூக்கி எறிய முடியாததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: பென்சிலைத் தட்டினால் காசு விழுகிறது. வைத்திருப்பவர் ஏன் கோடீஸ்வரர் ஆகவில்லை?

விழுவது பென்னி. ஒரு டாலருக்கு நூறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஒரு தட்டு, இடைவிடாமல் எட்டு மணி நேரம் என்றால் 28,800 காசு. அதாவது 288 டாலர். 1961-ல் அடித்த பென்னி ஒன்று 3.11 கிராம், 95 சதவீதம் செம்பு. அப்படியானால் அன்றைய சம்பாத்தியத்தின் எடை கிட்டத்தட்ட 90 கிலோ! தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போய் எண்ணிக் கொடுக்க வேண்டும். மறுநாள் மறுபடி தட்ட வேண்டும். பொருள்களைப் பிடித்துக்கொண்டவர்கள் அவற்றுக்கு அடிமையாகிறார்கள் என்று தொடர் பல விதத்தில் காட்டுகிறது. பென்சில் அதைக் கூலிக் கணக்காகவே காட்டிவிடுகிறது.

இதே கேள்வியில் இன்னொருவர், அந்தக் காசை அறைக்குள் வைத்து ரீசெட் செய்தால் என்ன ஆகும் என்கிறார். மேலே சொன்ன ஒற்றை வரியை வைத்துப் பாருங்கள். அந்தக் காசு 1 மணி 20 நிமிடம் 44 நொடிக்கு அறையில் இல்லை. பென்சில் தங்கும், காசு போய்விடும் என்பதே என் தீர்ப்பு.

கேள்வி: பித்தளையை ஆவியாக்கும் கடிகாரம் அறிவியலுக்கு ஒத்துவருமா?

கைக்கடிகாரம் வேறு, இந்தக் கடிகாரம் வேறு. திடப்பொருள் உருகாமலே நேராக ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கற்பூரமும் உலர்பனியும் அப்படிச் செய்யும். பித்தளை செய்யாது. அதில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், செம்புக்கு 2,500-க்கும் மேல் வேண்டும். ஆக ஒத்துவராது. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? நான் பிரித்த பூட்டில் உருளையும் பின்களும் பித்தளை. சாவிக்குப் பூட்டு வேண்டும், இந்தக் கடிகாரத்துக்கு முன்னால் பூட்டே நிற்காது.

கேள்வி: பஸ் டிக்கெட் யாரைத் தொட்டாலும் கேலப் நகருக்கு வெளியே சாலையில் கொண்டுபோய்ப் போடுகிறது. ஏன் அங்கேயே?

எல்லாம் தொடங்கிய இடம் அது. பொருள்கள் ஒன்றையொன்று தேடி வரும் என்று கதையில் சொல்கிறார்கள். டிக்கெட் மனிதர்களையும் அந்தப் பக்கமே இழுக்கிறது.

கேள்வி: 1961 மே 4 என்ற தேதிக்குள் ஏதாவது செய்தி ஒளிந்திருக்கிறதா?

அன்று வியாழக்கிழமை. பஸ்களில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' குழுவினர் வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட நாள். அதற்கு மறுநாள் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் ஆனார். அமெரிக்க வரலாற்றில் கனமான வாரம். தொடர் இவற்றைத் தொடவே இல்லை. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஊரெல்லாம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரூட் 66 நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு மலிவான மோட்டலில், ஒரு மனிதர் தன் பெட்டியோடு தங்கியிருந்தார். சிகாகோவிலிருந்து பசிபிக் கரை வரை ஓடிய அந்தச் சாலை 1926-ல் வந்தது, 1985-ல் அரசுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தொடர் எடுக்கப்பட்டபோது சாலையே நினைவாகிவிட்டிருந்தது. காணாமல் போன அறைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பொருள்களைப் பூட்டி வைக்க நினைக்கும் லீஜன் என்ற குழு சரியா, அவற்றைக் கடவுளின் துண்டுகள் என்று வணங்கும் ஆர்டர் என்ற குழு சரியா?

லீஜனின் பயம் நியாயமானது. பொருள்களைத் தொட்ட வாழ்க்கைகள் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் அவர்கள் ஜோவிடம் மகளை மறந்துவிடச் சொல்லாமல் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. ஆர்டரைப் பற்றி டாக்டர் மார்ட்டின் ரூபர் என்ற ஒரு பாத்திரமே போதும். தடய அறிவியல் படித்த மனிதர், ஆராய்ச்சியில் தொடங்கி, தானே தீர்க்கதரிசி என்று நம்பும் இடத்துக்கு நழுவுகிறார். எந்தக் காட்சியில் அவர் கைமீறிப் போனார் என்று விரல் வைத்துச் சொல்ல முயன்றேன். ஒவ்வொரு முறையும் வேறு காட்சியில் விரல் நிற்கிறது.

கேள்வி: வெளியே குண்டு வைத்தாலும் உடையாத பொருள், அறைக்குள் மட்டும் ஏன் உடைகிறது? முடிவில் ஜோ செய்தது எனக்குப் புரியவே இல்லை.

பார்க்காதவர்கள் இங்கே நின்றுவிடுங்கள்.

அறைக்குள் சீப்பு வெறும் சீப்பு, கண்ணாடி வெறும் கண்ணாடி. சக்தியும் இல்லை, உடையாத தன்மையும் இல்லை. ஊர் விட்டு ஊர் போனவருக்குத்தானே அடையாளச் சீட்டு வேண்டும்? சொந்த வீட்டுக்குள் எதற்கு? பொருள்கள் வெளியே விசித்திரமாக இருப்பது அவை இடம் மாறிப்போனவை என்பதால். வீட்டுக்குள் வந்தால் சாதாரணமாகிவிடுகின்றன. சாதாரணமானது உடையும்.

இனி, அறையில் அன்று இருந்தவற்றில் ஒன்று சாமான் அல்ல. அங்கே தங்கியிருந்த மனிதர். பெயர் எடி மெக்கிளீஸ்டர். அவரும் ஒரு பொருள்தான். வயதாகவில்லை. அவர் வாழ்ந்ததற்கான சுவடு உலகத்தில் இல்லை. கட்டிய மனைவிக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. ஜோ அவரை ஒரு மனநலக் காப்பகத்தில் கண்டுபிடிக்கிறார். அந்தக் காட்சியை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் பொருளைத் தேடி அலைகிறார்கள். பொருளாகவே ஆகிப்போனவர் என்ன பாடுபடுவார் என்று அங்கேதான் கேட்கிறோம்.

எடி சொல்லும் விதிதான் கடைசிச் சாவி. அறைக்குள் ஒரு பொருள் அழிந்தால் வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிடும். எண்ணிக்கை குறையாது. ஆகவே அறைக்குள் வைத்து என்னைச் சுட்டுவிடு, என் இடத்துக்கு நீ வருவாய் என்கிறார். பொருளாகிவிட்ட மனிதனை ரீசெட் தள்ளாது. கதவு மூடும்போது உள்ளேயே நிற்கலாம். அன்னா இருக்கும் இடம் வரை போகலாம். ஜோ சுடுகிறார், எடியின் இடத்துக்கு வருகிறார், மகளை மீட்கிறார்.

புரியவில்லை என்றீர்களே, ஒற்றை வரியை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குத் தன்னுடையது மட்டும்தான் தெரியும். மகளை அறைக்குத் தெரிய வைக்க முடியாது. அதனால் தகப்பன் தன்னை அறைக்குத் தெரிந்தவனாக்கிக்கொள்கிறான். எந்த விதி மகளைப் பறித்ததோ, அதை உடைக்காமல், அதற்குள்ளேயே நுழைந்து வெளியே வருகிறான். எழுதியவர்கள் கடைசி நிமிடத்தில் புதிய மந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. இதற்காகவே அவர்களை வணங்குகிறேன்.

அந்த இடத்தை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு இப்போது வேலை, குடும்பம் எல்லாம் உண்டு. ஜோ கதவைத் திறந்து உள்ளே போனபோது அவள் கேட்டாள்: "அத்தனை நாளும் அந்தப் பொண்ணுக்குப் பசிச்சிருக்காதாப்பா?" நான் படத்தை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அறையில் நேரம் 44-வது நொடியைத் தாண்டுவதே இல்லை என்றால், அன்னாவுக்கு அப்பா வெளியே போனதும் திரும்பி வந்ததும் அடுத்தடுத்த கணம். பசித்திருக்காது, பயந்திருக்கவும் நேரம் இருந்திருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி ஓடவிட்டாள்.